கருவிகளுக்கான விளக்கக் குறிப்பும் சப்ரகமுவ தோட்ட மக்களின் கணக்கும்

மென்பொருள் ஒன்றை ஆக்கி முடித்தவர், அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று தெளிவாக எழுதி வைப்பது பெரும்பாலும் கவனிப்பாரற்ற வேலையாகவே இருந்து வந்துள்ளது. வேலை முடிந்த பின்னர் நேரமிருந்தால் எழுதுவோம் என்று ஒத்திவைக்கப்படுவதும், இறுதியில் இரண்டு வரிகளுடன் கைவிடப்படுவதும் அத்துறையில் வழமையான காட்சிகளாகும். ஆயினும் இதுகாலவரை அதனால் விளைந்த தீங்கு ஓரளவுக்கு மட்டுப்பட்டிருந்தது. குறிப்பை வாசித்தவர் மனிதர் என்பதே அதற்குக் காரணமாகும். விளங்காத இடத்தில் அவர் தயங்கினார், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்டார், தொலைபேசியில் விசாரித்தார், விடை வழமைக்கு மாறாக இருந்தால் சந்தேகப்பட்டார்.

இன்று அந்நிலை மாறி வருகின்றது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்கள் மனிதருக்காகக் கருவிகளைத் தாமே இயக்கத் தொடங்கியுள்ளன. அவை வாசிப்பது கருவியைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பை மட்டுமே. அக்குறிப்பில் சொல்லாமல் விட்டதை அவை பெரும்பாலும் ஊகத்தால் நிரப்பிக் கொள்கின்றன. அந்த ஊகம், உலகில் எதைப் பற்றி அதிகமாக எழுதப்பட்டிருக்கின்றதோ அதிலிருந்தே பிறக்கின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட லயன்களில் வாழும் மக்களைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். எனவே குறிப்பில் உள்ள ஒவ்வொரு வெற்றிடமும் அம்மக்களுக்குப் பாதகமாகவே நிரப்பப்படும் அபாயம் உள்ளது. இவ்விடயத்தைத் தமிழ் பேசும் மக்கள் ஏன் இப்போதே கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவர் என்பது யாது?

கேட்ட கேள்விக்கு விடை எழுதும் மொழி மாதிரிகளை எமது வாசகர்கள் அறிவர். முகவர் என்பது அதற்கு அடுத்த படியாகும். விடை எழுதுவதுடன் நின்றுவிடாது, தேவையான வேலையைச் செய்யக்கூடிய கருவிகளை அழைத்து, அவை தரும் முடிவைப் பார்த்து, அடுத்த அடியைத் தீர்மானிப்பதே முகவரின் இயல்பு. ஒரு பதிவேட்டில் தேடுதல், ஒரு படிவத்தை நிரப்புதல், ஒரு தொகையைக் கணித்தல், ஒரு செய்தியை அனுப்புதல் ஆகியன இத்தகைய கருவிகளுக்கு உதாரணங்களாகும்.

இது நடைபெறும் முறை எளிமையானது. முகவருக்கு முதலில் கருவிகளின் பட்டியல் ஒன்று கொடுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு எவ்வெவ் விபரங்களை எவ்வடிவில் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணை ஆகிய மூன்றும் அப்பட்டியலில் இருக்கும். முகவர் இவற்றை வாசித்து, பொருத்தமான கருவியைத் தெரிவு செய்து, விபரங்களை நிரப்பி அழைக்கின்றது. கருவியின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் நிரல் பொதுவாக அதன் கண்ணில் படுவதில்லை.

ஓப்பன் ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இவ்வாறு கருவிகளை அழைக்கும் வசதியைத் தனது மாதிரிகளில் அறிமுகப்படுத்தியது. அந்திரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்.சி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒரு முறை ஒழுங்காக விவரிக்கப்பட்ட கருவியைப் பல்வேறு நிறுவனங்களின் முகவர்களும் பயன்படுத்த இது வழிசெய்தது. 2025 டிசம்பரில் இந்நெறிமுறை லினக்ஸ் மன்றத்தின் கீழ் அமைந்த அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது.

பழைய பாடம்

கருவிக்குக் குறிப்பெழுதும் கலை புதியதல்ல. யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதலாவது கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், அழைக்கும் முறை, விளக்கம் என்பவற்றுடன், அக்கட்டளையில் உள்ள குறைகளும் தனித் தலைப்பில் எழுதப்பட்டன. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வைத்த அந்நேர்மை இன்றைய கருவிக் குறிப்புகள் பலவற்றில் காணக் கிடைப்பதில்லை.

எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரைப் பதிதல், முகாம்களை நிர்வகித்தல் போன்ற பணிகளுக்கு உதவிய அது திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்படுத்தப்பட்டது. ஓர் ஊரில் ஆக்கிய கருவி வேறோர் ஊரில், வேறு மொழி பேசுவோர் கையில் இயங்க வேண்டுமாயின், ஆக்கியவரின் மனதில் மட்டும் உள்ளவை அனைத்தும் வெளியே எழுதப்பட வேண்டும். முகவர்களின் காலத்தில் இத்தேவை பன்மடங்காகியுள்ளது.

‘பேர்’ என்ற ஒரு சொல்

சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் பல கம்பனிகள் கொழுந்து நிறுப்பதற்கு மின்னணுத் தராசுகளையும், செக்ரோல் கணக்கிற்குக் கணினியையும் ஏற்கனவே புகுத்தியுள்ளன. இத்தகைய பதிவேடுகளின் மேல் முகவர் ஒன்று பொருத்தப்பட்டு, தொழிலாளி ஒருவர் தமது கைத்தொலைபேசியில் தமிழில் கேட்டுத் தமது கணக்கை அறியும் நாள் தொலைவில் இல்லை. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தத் தொழிலாளி, “எனக்கு இந்த மாதம் எத்தனை பேர்?” என்று கேட்பார்.

தோட்டத்தில் பேர் என்பது ஆளையும் குறிக்காது, பெயரையும் குறிக்காது. ஒரு நாள் வேலைக்குரிய பதிவையே குறிக்கும். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப் பேர் போடப்படுகின்றது என்பது பல தசாப்தங்களாக நிலவும் மனக்குறை. நாட்சம்பளத்துக்கு வெளியே கிலோக் கணக்கில் வழங்கப்படுவது கைக்காசு. இச்சொற்களைக் கருவியின் குறிப்பு விளக்காவிட்டால், முகவர் அக்கேள்வியை எத்தனை ஆட்கள் என்று விளங்கிக் கொண்டு வேறேதோ எண்ணைத் தேடும். பிழையான விடையையும் அது நல்ல தமிழில், தயக்கமின்றிச் சொல்லும் என்பதே இதில் உள்ள ஆபத்து.

சம்பளம் என்ற சொல்லும் அவ்வாறே. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டபோது அது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா வரவுசெலவு நிவாரணக் கொடுப்பனவுமாக அமைந்தது. 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 1550 ரூபாவாக உயர்த்தவும், அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. நாட்சம்பளம் என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு கருவி எண்ணொன்றைத் தருமாயின், அது 1550ஆ 1750ஆ, எத்திகதி முதல் நடைமுறைக்கு வந்த வீதம் என்பன குறிப்பில் இருந்தாக வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். எத்தொகையின் மீது அச்சதவீதம் கணிக்கப்பட்டது என்று கருவி சொல்லாவிடின், தொழிலாளி தமது உரிமையைச் சரிபார்க்க வழியேது?

கேகாலை மாவட்டத்தின் இறப்பர் தோட்டங்களில் கிலோ என்ற அலகே சிக்கலானது. பால் வெட்டுபவர் கொண்டுவரும் இறப்பர் பாலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உலர் இறப்பராகும். கருவி தரும் 12 கிலோ என்பது பாலின் எடையா, உலர் இறப்பரின் எடையா என்று எழுதாமல் விட்டால் கணக்கு மூன்று மடங்கு பிசகும்.

கரட்டும் பவுணும்

இச்சிக்கல் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரியின் மாணிக்க வணிகத்தில் முஸ்லிம் வர்த்தகர்களின் பங்கு நெடுங்காலத்துக்குரியது. இரத்தினக்கல்லின் எடையும் தங்கத்தின் தூய்மையும் தமிழில் கரட் என்ற ஒரே சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. முன்னையது 200 மில்லிகிராம் எடை. பின்னையது 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற அளவு. பவுண் என்பது தங்கக் கடையில் 8 கிராம். நாணய மாற்று நிலையத்தில் பிரித்தானிய நாணயம். கடையில் இருப்பவருக்கு இடமே பொருளை உணர்த்தி விடுகின்றது. முகவருக்கு அந்த இடத்தைக் காட்டுவது கருவியின் குறிப்பு ஒன்றுதான். பொருட்பட்டியலில் அலகை எழுதுவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாமையால் விலைமதிப்பு ஒன்று தலைகீழாகலாம்.

அடையாள அட்டை இலக்கம்

நாட்டிலுள்ள ஏறக்குறைய எல்லா அலுவலக மென்பொருள்களும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கின்றன. அந்த இலக்கத்தின் உள்ளே இருக்கும் விதிகளோ பல கருவிகளின் குறிப்பில் இடம்பெறுவதில்லை.

பழைய இலக்கத்தில் 9 எண்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் மட்டுமே உண்டு. வி என்பது வாக்குரிமை உடையவரையும், எக்ஸ் என்பது பொதுவாக வாக்குரிமை இல்லாதவரையும் குறித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வரை காத்திருந்த ஒரு சமூகத்துக்கு இந்த ஓர் எழுத்து அற்பமானதல்ல. இலக்கத்தின் இறுதியில் வி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதப்பட்ட கருவி, எக்ஸ் உடைய முதியவர் ஒருவரின் விண்ணப்பத்தைச் செல்லுபடியாகாதது என்று திருப்பி அனுப்பும். முகவரும் அதனை அப்படியே ஒப்புவிக்கும்.

பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். அத்துடன் பெப்ரவரி மாதத்துக்கு எல்லா ஆண்டுகளிலும் 29 நாட்கள் என்றே கொள்ளப்படுவதால் மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாளாகும். எனவே 85561 என்று தொடங்கும் பழைய இலக்கம் 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்குரியது. இவ்விதியை அறியாத முகவர் சாதாரண நாட்காட்டியைக் கொண்டு கணித்தால் மார்ச் 2 என்று விடை பெறும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்தால் சேமலாப நிதிக் கோரிக்கை இழுபடுவது எத்தகைய அலைச்சல் என்பதைத் தோட்ட மக்கள் நன்கறிவர்.

பெயரும் முகவரியும்

தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே முதலெழுத்தாக முன்னே நிற்கும். முஸ்லிம்களில் பலர் மூன்று முதலெழுத்துகளுடன் பெயரெழுதுவர். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறைகளோ பல. சப்ரகமுவவில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறியுள்ள தோட்டங்களில், தமிழ்ப் பெயர் முதலில் சிங்களத்திலும் பின்னர் அதிலிருந்து ஆங்கிலத்திலும் பெயர்க்கப்படும்போது ஒருவரே மூன்று ஆவணங்களில் மூன்று பெயருடையவராகி விடுகின்றார். குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒரு கருவி கேட்டால், முகவர் தந்தையின் பெயரை அங்கே இட்டு நிரப்பிவிடும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு என்ன செய்வது, எழுத்து வேறுபாட்டுடன் தேடுமா, தேடாதா என்பனவற்றைக் குறிப்பில் எழுதுவதே இதற்கான பரிகாரமாகும்.

முகவரியும் அவ்வாறே. லயன் வீடுகள் பலவற்றுக்குத் தெருப் பெயரோ வீட்டிலக்கமோ இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வருகின்றன. தோட்டத்துக்குக் கம்பனிப் பதிவில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதுண்டு. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற பெயர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மீண்டும் மீண்டும் வரும். எப்பெயரை எவ்வடிவில் கொடுக்க வேண்டும் என்று எழுதப்படாத கருவி, ஊகிக்கும் முகவரை வேறொரு தோட்டத்துக்கே அனுப்பி விடும்.

மழைமானியின் எண்

உயிருடன் தொடர்புடைய உதாரணமும் உண்டு. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்ட லயன் குடியிருப்புகள் மீதும் மண் சரிந்து உயிர்கள் பலியாகின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோதும் மண்சரிவு மீண்டும் மலைநாட்டு மக்களின் உயிர்களைக் காவுகொண்டது.

மண்சரிவு எச்சரிக்கைக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவான அளவுகோல் ஒன்றை வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இப்போது ஒரு கருவி, இன்றைய மழை 80 என்று தருவதாகக் கொள்வோம். அது கடந்த ஒரு மணித்தியாலத்துக்குரியதா, கடந்த 24 மணித்தியாலத்துக்குரியதா? வளிமண்டலவியல் திணைக்களத்தின் வழமைப்படி காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையான கணக்கா, நள்ளிரவிலிருந்து தொடங்கும் கணக்கா? முதலாவதாயின் மக்கள் உடனே வெளியேற வேண்டும். மற்றையதாயின் விழிப்பாக இருந்தால் போதும். எண் ஒன்றே, வாழ்வும் சாவும் அதன் அருகே எழுதப்படும் குறிப்பில் தங்கியுள்ளன.

நேரமும் கவனத்துக்குரியது. கணினிகள் பல கிரினிச்சை அடிப்படையாகக் கொண்ட சர்வதேச நேரத்தையே பதிகின்றன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. 27ஆம் திகதி 19.00 மணி என்று பதிவாகும் எச்சரிக்கை, எமது நாட்டில் 28ஆம் திகதி அதிகாலை 12.30க்குரியது. இது குறிப்பில் இல்லையெனில் புதிய எச்சரிக்கை நேற்றைய பழைய செய்தியாகத் தோன்றும். இவ்வாறான கருவிகளில் கடைசியாக எப்போது தரவு கிடைத்தது என்பதையும், தரவு வராவிட்டால் அது மழையில்லை என்று பொருள்படாது என்பதையும் தனி வரியில் எழுதுவது அவசியமாகும்.

நல்ல குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

சம்பள விபரத்தைத் தரும் கருவி ஒன்றுக்கு, ‘தொழிலாளியின் சம்பளத்தைக் காட்டும்’ என்று ஒரு வரி எழுதுவது இன்று சாதாரணமாகக் காணப்படும் முறை. அதே கருவிக்குப் பின்வருமாறு எழுதலாம் என்று நாம் ஒரு மாதிரியை முன்வைக்கின்றோம்.

‘ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளப் பதிவை வாசித்துத் தரும், எப்பதிவையும் மாற்றாது. தேவையானவை: தோட்டப் பிரிவின் பெயர், செக்ரோல் இலக்கம், மாதம் (2026-03 என்ற வடிவில்). ஒரே செக்ரோல் இலக்கம் இரு பிரிவுகளில் இருக்கலாம். தருவன: பேர் (வேலை நாட்களின் எண்ணிக்கை, அரைப் பேர் 0.5 எனப் பதியப்படும்; ஆட்களின் எண்ணிக்கை அல்ல), அடிப்படைச் சம்பளம், வருகைக் கொடுப்பனவு, கைக்காசு, கழிவுகள்; ஒவ்வொன்றும் தனித்தனியே ரூபாவில். மாதக் கணக்கு முடிக்கப்படாதிருந்தால் தற்காலிகம் என்று வரும். அதனை இறுதித் தொகையாகச் சொல்லக்கூடாது. சேமலாப நிதியின் மொத்த மீதியை இக்கருவி தராது. அம்மாதம் கழிக்கப்பட்ட தொகையை மட்டுமே தரும். செக்ரோல் இலக்கம் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், கேட்டவரிடமே கேட்கவும்.’

இம்மாதிரியில் அடங்கியுள்ள நெறிகள் எந்தக் கருவிக்கும் பொருந்தும். கருவி என்ன செய்யும் என்பதுடன் என்ன செய்யாது என்பதும் சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு விபரத்துக்கும் அலகும் வடிவமும் உதாரணமும் இருக்க வேண்டும். வாசிக்கும் கருவியா, பதிவை மாற்றும் கருவியா என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். பணத்தையோ பதிவையோ மாற்றும் கருவியாயின் மனிதரின் ஒப்புதல் பெற்ற பின்னரே இயக்க வேண்டும் என்று எழுதுவதுடன், ஒப்புதலின்றி இயங்காதவாறு கருவியையே அமைத்துவிடுவது சிறந்தது.

பிழைச் செய்திகளும் குறிப்பின் ஒரு பகுதியே. ‘பிழை’ என்று மட்டும் சொல்லும் கருவியிடம் முகவர் மீண்டும் மீண்டும் அதே தவறான அழைப்பை விடுக்கும். ‘இவ்விலக்கம் இரு பிரிவுகளில் உள்ளது, பிரிவின் பெயரைக் கேட்டறியவும்’ என்று சொல்லும் கருவி முகவரைச் சரியான வழிக்குத் திருப்புகின்றது.

குறிப்பு நீண்டால் நல்லது என்று எண்ணுவதும் தவறு. முகவர் ஒரே வேளையில் மனதிற்கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லையுண்டு. ஒன்றையொன்று ஒத்த பத்துக் கருவிகளைக் காட்டினால் எதைத் தெரிவது என்று அது தடுமாறும். வேண்டியது செறிவும் தெளிவுமே. எழுதி முடித்த பின்னர், மக்கள் உண்மையில் கேட்கும் கேள்விகள் ஐம்பதையாவது திரட்டி, முகவரிடம் கொடுத்து, எங்கே இடறுகின்றது என்று பார்த்து, அவ்விடத்தைத் திருத்த வேண்டும். வீதங்களும் விதிகளும் மாறும்போது குறிப்பும் மாற வேண்டும். கடைசியாகத் திருத்திய திகதியும் அதில் இருக்க வேண்டும்.

எம்மொழியில் எழுதுவது?

இன்றைய மாதிரிகள் ஆங்கிலத்தில் அதிகம் பயின்றவை. அத்துடன் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் பொதுவாகக் கூடுதல் துண்டுகளாகப் பிரிக்கப்படுவதால் செலவும் கூடுகின்றது. எனவே குறிப்பின் உடலை ஆங்கிலத்தில் எழுதுவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் பேர், அரைப் பேர், கைக்காசு, பிரட்டு, லயம் போன்ற வழக்குச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே, விளக்கத்துடன் அதனுள் இடம்பெற வேண்டும். கேட்பவர் அச்சொற்களாலேயே கேட்பார்.

தமிழில் எழுதுவோர் ஒரு சொல்லைக் குறித்து விழிப்பாக இருத்தல் நன்று. இணைய நெறிமுறைகளை எழுதுவோர் 1997ஆம் ஆண்டிலேயே ஆர்.எப்.சி. 2119 என்ற ஆவணத்தில், கட்டாயம் எது, விரும்பத்தக்கது எது, விருப்பத்துக்குரியது எது என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வரையறுத்தனர். தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒன்றே கட்டளைக்கும் பரிந்துரைக்கும் தேவைக்கும் ஆசைக்கும் பயன்படுகின்றது. ஆகவே கட்டாயமானவிடத்துக் கட்டாயம் என்றே எழுதுவது நன்று.

எழுத்துருவும் ஒரு தடையாகும். இலங்கை அலுவலகங்களில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட கோப்புகள் குவிந்துள்ளன. திரையில் தமிழாகத் தெரியும் அவை, கணினியின் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் முகவரின் முன் வைப்பது, வாசிக்கத் தெரிந்தவர் முன் மூடிய நூலை வைப்பதற்கு ஒப்பாகும்.

விழிப்பும் பொறுப்பும்

முகவர் தான் வாசிக்கும் குறிப்பை எளிதில் நம்பிவிடும் இயல்புடையது. தீய நோக்குடைய ஒருவர் கருவிக் குறிப்பினுள்ளேயே மறைமுகக் கட்டளைகளைப் புகுத்த முடியும் என்பது ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஆகவே யார் எழுதினார் என்று தெரியாத கருவியை அலுவலகப் பதிவேட்டுடன் இணைப்பது ஆபத்தானது. அடையாள அட்டை இலக்கம் ஒருவரின் பிறந்த நாளையும் பாலையும் வெளிப்படுத்துவதால் அது தனிப்பட்ட தரவாகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுகளைக் கையாள்வோர் மீது கடப்பாடுகளை விதிக்கின்றது. கேட்ட கேள்விக்குத் தேவையானதை மட்டும் தரும் கருவியே நல்ல கருவி. தொழிலாளியின் முழுப் பதிவையும் அள்ளித் தருவது வசதியாகத் தோன்றினாலும் அது பாதுகாப்பானதல்ல.

முகவர்களின் திறன் வளர்ந்து கொண்டே செல்கின்றது; நாளை அவை தாமே எல்லாவற்றையும் விளங்கிக் கொள்ளும்; இவ்வளவு எழுத வேண்டிய அவசியமென்ன என்று சிலர் வினவலாம். திறன் வளர்வது உண்மையே. ஆனால் எங்கும் எழுதப்படாத ஒன்றை எத்திறனும் கண்டறியாது. ஒரு தோட்டத்தில் அரைப் பேர் எவ்விதியின்படி போடப்படுகின்றது என்பது அத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் மட்டுமே தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

இப்பணியை முதன்மையாகச் செய்ய வேண்டியவர்கள் கருவிகளை ஆக்கும் நிறுவனங்களும், அவற்றை வாங்கும் கம்பனிகளும் திணைக்களங்களுமே ஆவர். மென்பொருள் கொள்வனவு ஒப்பந்தத்திலேயே, அலகுகளும் விதிகளும் எல்லைகளும் எழுதப்பட்ட குறிப்பைக் கையளிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் கணினித் துறையில் பட்டப்படிப்பை வழங்குகின்றது. தோட்ட வழக்குச் சொற்களின் அட்டவணையொன்றையும், தமிழ்க் கேள்விகளின் தொகுப்பொன்றையும் அதன் மாணவர்கள் ஆக்கி வெளியிடுவார்களாயின் அது எவ்வாய்வேட்டுக்கும் குறையாத பயனுடையதாகும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையின்போது சம்பளச் சீட்டின் ஒவ்வொரு தலைப்புக்கும் எழுத்துமூல விளக்கம் கேட்க வேண்டும். அதுவே நாளை கருவியின் குறிப்பாகவும் அமையும்.

தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் பலர் இன்று மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். பெயர், முகவரி, அலகு, திகதி ஆகியவற்றில் தமது சமூகத்துக்கு நேரும் பிழைகளை அவர்களை விட நன்கறிந்தவர் எவருமில்லை. தாம் ஆக்கும் ஒவ்வொரு கருவிக்கும், தமது பாட்டியின் அடையாள அட்டையையும் தமது தந்தையின் சம்பளச் சீட்டையும் முன்னால் வைத்துக் கொண்டு ஒரு பக்கக் குறிப்பை அவர்கள் எழுதுவார்களாயின், லயத்தில் இருந்து கேட்கப்படும் கேள்விக்கும் கொழும்பில் இருந்து கேட்கப்படும் கேள்விக்கும் ஒரே தரமான விடை கிடைக்கும். அரைப் பேருக்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடி வரும் மக்கள், அதே வாதத்தை இனி இயந்திரத்துடனும் நடத்தும் நிலை ஏற்படாமல் தடுப்பதற்கு அந்த ஒரு பக்கம் எழுதப்பட்டேயாக வேண்டும்.